புகையாத தணல்

2022இல் கேஸ் சிலிண்டருக்காக நாடே வரிசையில் நின்றபோது, கல்முனைப் பக்கத்துக் குசினிகளுக்குப் பழைய அடுப்புகள் திரும்பி வந்தன. இன்றும் மாரி அடைமழையில் விறகு நனைந்து, கரண்டும் நின்றுவிட்டால் கைகொடுப்பது சிரட்டைக் கரிதான். அது கண்ணை எரிக்காது, சட்டியைக் கறுப்பாக்காது. புகைதான் இல்லையே என்று அடுப்பை உள்ளே வைத்து, சாரல் அடிக்காமல் கதவையும் சாத்திவிடுகிறோம்.

விறகு சூடேறும்போது வரும் ஆவிகள் முழுதாக எரியாமல் வெளியேறுவதே புகை. சிரட்டையைக் கரியாகச் சுடும்போதே அவற்றில் பெரும்பகுதி போய்விடும். மிஞ்சுவது காபன்.

அடுப்பின் கீழ்த் துவாரங்களால் ஏறும் ஒட்சிசன், அடித்தணலில் காபனீரொட்சைட்டாகிறது. அது மேலேயுள்ள செந்தணலுக்கு ஊடாகப் போகையில் இன்னும் காபனைச் சேர்த்துக்கொண்டு காபனோரொட்சைட்டாக மாறுகிறது. கரி நன்றாகப் பிடித்திருக்கும்போது மேலே மெல்லிய நீலச் சுவாலை ஆடுமே, அது இந்த வாயு எரிவதுதான். தணலில் சாம்பல் படர்ந்ததும் நீலம் அணைந்துவிடும். வாயு வருவது நிற்காது. சோறாக்கி முடிந்து, பிள்ளைக்குக் குளிருது என்று தணற்சட்டியை அறைக்குள் தூக்கிப்போவது சரியாக அந்த நேரத்தில்தான்.

நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, இரத்தத்து ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். தலையிடிக்கும், சத்தி வரும், மயக்கம் வரும். உறக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது.

ஆகவே கரி அடுப்பின் இடம், கூரையுள்ள திறந்த விறாந்தை. ஒரு ஜன்னலைத் திறந்துவைப்பது போதாது. மிஞ்சிய தணலை வெளியிலேயே நீரூற்றி அணைக்க வேண்டும். மங்கிய தணலில் மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. ஆவியாகிக் குப்பென்று முகத்தில் பிடிக்கும்.

கேஸ் அடுப்புக்குக் கணக்கு வேறு. சிலிண்டர் வாயு மணக்கும். காற்றைவிடக் கனமானதால் தரையில் தேங்கும். மணத்தால் லைட் சுவிட்சைத் தொடாமல் கதவுகளைத் திறந்து வெளியேற வேண்டும்.

கரி மணத்து எச்சரிக்காது. அடுப்பு எரியும் வீட்டில் உம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் தலையிடித்தால் பனடோல் தேடாதீர்கள். எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள். மழையில் நனைந்தாலும் பரவாயில்லை.