உளவளத்துணையும் உறவுமுறை விளியும்

இலங்கைத் தமிழில் உளவளத்துணை என்னும் சொல் இன்று நிலைபெற்றுவிட்டது. அத்துணையைத் தேடி வருபவரைத் ‘துணைநாடி’ என்கிறோம். நோயாளர் என்னாது இவ்வாறு வழங்குவதில் ஒரு சமத்துவ நோக்கு உண்டு. ஆயின், சிறுபராயத்தில் பாலியல் வன்முறைக்கு உள்ளாகி, வளர்ந்தபின் உதவி நாடுவோர்க்குச் சொல்லளவிலான சமத்துவம் போதுமா என்பதே ஈண்டு நாம் நோக்க விழைவது.

பம்பலப்பிட்டியை எடுத்துக்கொள்வோம். காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் நெருங்கி வாழும் தமிழரிடையே, துணையாளரும் துணைநாடியும் கோயிலிலோ கல்யாண மண்டபத்திலோ எதிர்ப்பட நேர்வது இயல்பு. அங்கே முன்பின் அறியாத மூத்தவரும் ‘மாமா’ ஆகிவிடுவர், ‘அக்கா’ ஆகிவிடுவர். இவ்விளி மரியாதையைத் தருவது, கீழ்ப்படிதலையும் கோருவது. குற்றமிழைத்தவர் பெரும்பாலும் குழந்தை அறிந்த, நம்பிய ஒருவரே என்பது பல நாடுகளிலும் கண்ட உண்மை. அவரையும் அக்குழந்தை இத்தகைய பெயராலேயே அழைத்திருக்கும். எனவே, “என்னை உங்கள் அண்ணனாக நினைத்துக்கொள்ளுங்கள்” என்னும் துணையாளரின் பரிவு, துணைநாடிக்குப் பழைய பொறியாகவே தோன்றக்கூடும். எல்லோர்க்கும் அவ்வாறன்று, சிலருக்கு ‘அக்கா’ என்ற சொல்லே முதற் பாதுகாப்பு. எவ்வாறு அழைப்பது, எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்ற தெரிவு துணைநாடியிடமே இருத்தல் வேண்டும். இழந்த அதிகாரத்தை மீளப்பெறுதலே குணமடைதலின் முதற் கோட்பாடு என யூடித் ஹேர்மன் 1992இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார்.

இதற்கு அறுபது ஆண்டுகள் முன்னரே, 1932இல், ஹங்கேரிய உளப்பகுப்பாய்வாளர் சாண்டோர் பெரென்சி வீஸ்பாடன் மாநாட்டில் இதையொட்டிப் பேசியிருந்தார். சிகிச்சையாளரின் ஒட்டாத பாவனை, குழந்தைக்கு நேர்ந்ததை மறுத்த பெரியவர்களையே நினைவூட்டுகிறது. அவர் தம் தவறை ஒப்புக்கொள்ளும்போதே நம்பிக்கை பிறக்கிறது என்றார். பிராய்ட் இதனை விரும்பவில்லை. கட்டுரை ஆங்கிலத்தில் வெளிவந்ததோ 1949இல். பெரியவர் பிழையை ஒப்புவது நம் வீடுகளிலும் அரிதல்லவா?

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1995இல் திருத்தப்பட்டது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கான சட்டம் 1998இல் வந்தது. இவை பெரிதும் இன்றைய குழந்தையை நோக்கியவை. நாற்பது வயதில் வாய்திறப்பவரை முறைப்பாடு செய்யும்படி நெருக்குவது, அவரது தெரிவை மீண்டும் பறிப்பதாகும். எனினும், குற்றமிழைத்தவர் இன்று வேறொரு குழந்தையுடன் ஒரே வீட்டில் வாழ்கின்றார் எனின், துணையாளர் இரகசியம் காப்பது எதுவரை? அவ்வெல்லையை முதற் சந்திப்பிலேயே, கதை தொடங்குமுன், துணையாளர் அறிவித்துவிட வேண்டும். பாதி சொல்லி முடித்தபின் அறிவித்தால், இன்னுமொரு பெரியவர் வாக்குத் தவறினார் என்றே துணைநாடி கொள்வார்.