நாற்பத்து மூன்றில் மீண்டும் மாணவி

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நாக்பூரின் புறநகர்க் குடியிருப்பு ஒன்றின் சமுதாயக் கூடத்தில், மின்னணுப் பணப் பரிமாற்ற மோசடிகளைப் பற்றி மூத்த குடிமக்களுக்காக விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றை நடத்தினேன். அப்போது எங்கள் வங்கியின் பயிற்சி மையத்தில் மூன்றாண்டுகளாகப் பயிற்றுநராகப் பணியாற்றி வந்தேன். முப்பத்திரண்டு ஸ்லைடுகள், நாற்பது நிமிடங்கள், இடையிடையே எனக்குத் தெரிந்த அரைகுறை மராத்தியில் சில நகைச்சுவைகள். இறுதியில் "புரிந்ததா?" என்று கேட்டேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. தேநீரும் சமோசாவும் வழங்கப்பட்டன. வருகைப் பதிவேட்டில் கையொப்பங்கள் நிறைந்தன. அன்று மாலையே மண்டல அலுவலகத்துக்கு அறிக்கையும் அனுப்பிவிட்டேன்.

பதினோராம் நாள், அக்கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்த பெரியவர் ஒருவர் கிளைக்கு வந்திருப்பதாக மேலாளர் அழைத்தார். பயிற்சி மையம் அதே கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்ததால் உடனே இறங்கிச் சென்றேன். அவர் ரயில்வே கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பழைய சோபா ஒன்றை விற்பதற்காக இணையத்தில் விளம்பரம் கொடுத்திருக்கிறார். ராணுவத்தில் பணியாற்றுவதாகக் கூறிய ஒருவன் தொலைபேசியில் அழைத்து, விலை பேசாமலே ஒப்புக்கொண்டு, ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்பியிருக்கிறான். அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இட்டால் பணம் வந்து சேரும் என்றான். பணம் வரவில்லை, போயிற்று. "தவறிவிட்டது, திருப்பி அனுப்புகிறேன்" என்று சொல்லி மேலும் இரண்டு முறை அவ்வாறே செய்வித்திருக்கிறான். மொத்தம் 42,000 ரூபாய். வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்து வைத்திருந்தார். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தோம். ஆனால் அதற்குள் பணம் பல கணக்குகளைக் கடந்துவிட்டிருந்தது.

புறப்படும்போது தம் நாட்குறிப்பை விரித்துக் காட்டினார். அழகிய மராத்திக் கையெழுத்தில் என் வாக்கியம் ஒன்று எழுதப்பட்டு, கீழே இரட்டைக் கோடும் இடப்பட்டிருந்தது: பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. "இது எனக்குத் தெரியும், மேடம். ஆனால் அவன் பேச்சை நிறுத்தவே இல்லை. அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை" என்றார்.

அவர் என்மீது குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏதேனும் விளக்கம் கொடுத்துத் தப்பித்திருப்பேன். வணிகவியல் படித்தவளுக்கு இரட்டைப் பதிவு முறையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கற்பித்தேன் என்று ஒரு பக்கம் எழுதிய நான், கற்றார்கள் என்பதற்கான மறுபக்கப் பதிவை ஒருநாளும் தேடியதில்லை என்பது அன்றுதான் உறைத்தது. வருகைப் பதிவேட்டை அதற்கான சான்றாக எண்ணியிருந்தேன்.

அடுத்த ஆண்டு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இணையவழியில் நடத்தும் கல்வித் தொழில்நுட்பம் மற்றும் கற்றல் வடிவமைப்பு முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. இத்தகைய படிப்புகள் புதியவை அல்ல. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 2002ஆம் ஆண்டிலும், ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகம் 2006ஆம் ஆண்டிலும் முழுக்க முழுக்க இணையவழியில் இத்துறையில் முதுகலைப் படிப்பைத் தொடங்கிவிட்டன. நம் நாட்டிலும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைநிலைக் கல்வியையே ஒரு பாடமாக முதுகலை நிலையில் நெடுங்காலமாகக் கற்பித்து வருகிறது. ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியே கட்டணம் செலுத்தும் வசதி இருந்ததே நான் தேர்ந்தெடுத்த படிப்பின் முதற்கவர்ச்சி. வங்கிக்காரர்களின் புத்தி தவணையில்தான் முதலில் நிற்கும்.

புதிய செயலிகளையும் மென்பொருள்களையும் பழக்கிக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்துச் சென்றேன். முதல் தாளோ பெரும்பாலும் ஏமாற்றங்களின் வரலாறாக இருந்தது. தாமஸ் எடிசன் 1913ஆம் ஆண்டில், பள்ளிகளில் விரைவில் புத்தகங்கள் வழக்கொழிந்து திரைப்படமே ஆசிரியராகும் என்று கருத்துரைத்தார். பிறகு வானொலி, தொலைக்காட்சி, கணினி என்று ஒவ்வொன்றும் வந்தபோது அதே நம்பிக்கை புதுச்சட்டை அணிந்து வந்தது. 1983ஆம் ஆண்டில் ரிச்சர்ட் கிளார்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கட்டுரையில் இந்த நம்பிக்கையின் அடிமடியிலேயே கை வைத்தார். மளிகை கொண்டுவரும் வண்டியால் நம் ஊட்டச்சத்து கூடிவிடாது. அதுபோல, பாடத்தைச் சுமந்துவரும் ஊடகத்தால் மட்டும் கற்றல் கூடிவிடாது. பாடம் எவ்வாறு அமைக்கப்பட்டது என்பதே முக்கியம் என்பது அவர் வாதம். இதை மறுத்து ராபர்ட் கோஸ்மா எழுதினார். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. என் முப்பத்திரண்டு ஸ்லைடுகளைப் பொறுத்தவரை கிளார்க் சொன்னதே சரி.

இந்திய உதாரணம் ஒன்றைப் பற்றி எழுதும்படி பணித்தபோது, 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம் நடந்த செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனையை எடுத்துக்கொண்டேன். அமெரிக்காவின் நாசா நிறுவனத்திடம் இரவல் பெற்ற செயற்கைக்கோள் வழியாக, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நம் இஸ்ரோ நிகழ்ச்சிகளைக் கொண்டு சேர்த்தது. அதே காலத்தில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பீஜ் என்ற ஊரில் ஒரு சிறு ஒளிபரப்பு நிலையம் இயங்கியது. அங்கே கிராம மக்களே தம் சிக்கல்களைத் தம் மொழி வழக்கில் சொல்லி, நிகழ்ச்சிகளில் நடிக்கவும் செய்தார்கள். வானத்திலிருந்து வந்ததைவிட எனக்குப் பீஜ் நிலையமே பெரிய செய்தியாகத் தோன்றியது. நாக்பூர்க் கூட்டத்தில் நாற்பது நிமிடமும் நான் ஒருத்தியே பேசினேன் அல்லவா?

என்னை உண்மையில் அசைத்தது இரண்டாம் தாளின் முதற்பணி. நீங்கள் நடத்திய ஒரு பாடத்தின் நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுக என்றார்கள். "வாடிக்கையாளர்கள் மின்னணு மோசடிகளின் வகைகளை அறிந்துகொள்வார்கள்" என்று எழுதினேன். 'அறிந்துகொண்டார்கள் என்பதை எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வீர்கள்?' என்ற ஒற்றைக் கேள்வியுடன் அது திரும்பி வந்தது. கிராண்ட் விக்கின்ஸும் ஜே மக்டையும் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இந்த முறையை விரித்துரைத்திருக்கிறார்கள். பாடப்பொருளிலிருந்து தொடங்காமல் முடிவிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். கற்றவர் இறுதியில் என்ன செய்ய வேண்டும் என்பது முதலில். அவரால் அதைச் செய்ய முடிகிறது என்பதற்குச் சான்று எது என்பது அடுத்து. என்ன கற்பிப்பது என்பது கடைசியில். மூன்று முறை திருத்திய பின் என் வாக்கியம் இவ்வாறு ஆயிற்று: 'முன்பின் தெரியாதவர் தொலைபேசியில் அவசரப்படுத்திக் கொண்டிருக்கும்போதே, ரகசிய எண்ணை இடாமல் வாடிக்கையாளர் இணைப்பைத் துண்டிப்பார்.' இதை எழுதியவுடன் என் ஸ்லைடுகளில் முப்பதுக்கு இனி வேலை இல்லை என்பது தெரிந்துவிட்டது.

எஞ்சியவற்றுக்கும் ஆபத்து வந்தது. மனித மனம் ஒரே நேரத்தில் கையாளக்கூடிய சுமை மிகக் குறைவு என்பதை ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஜான் ஸ்வெல்லர் 1988 முதல் வலியுறுத்தி வந்தார். படத்தை விளக்கிப் பேசும்போது, பேசும் சொற்களையே திரையிலும் எழுதிக் காட்டினால் கற்றல் குறையும் என்பதை ரிச்சர்ட் மேயர் சோதனைகளால் காட்டினார். ஸ்லைடில் இருப்பதை வரிவரியாக வாசிக்கும் பயிற்றுநர்களை வங்கித் துறையில் இருப்பவர்கள் அனைவரும் அறிவார்கள். நானும் அந்தச் சங்கத்தின் ஆயுட்கால உறுப்பினர்தான்.

2006ஆம் ஆண்டில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு, என் படிப்பிலேயே நான் அதிகம் அசைபோட்டது. மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு உரைப்பகுதியை மீண்டும் மீண்டும் படித்தார்கள். மற்றவர்கள் படித்துவிட்டு, புத்தகத்தைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் சோதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. கூட்டம் முடிந்ததும் உயர்ந்த கைகள் பொய் சொல்லவில்லை. அவை ஐந்து நிமிட உண்மையைச் சொல்லின. எனக்கோ பதினோராம் நாளின் உண்மை தேவைப்பட்டது.

படிப்பு எளிதாக நடந்தது என்று சொல்வதற்கில்லை. நேரலை வகுப்புகள் இந்திய நேரப்படி இரவு பத்தரைக்குத் தொடங்கும். உணவு மேசையின் ஒரு முனையில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு மகள், மறுமுனையில் நான். மார்ச் மாதம் வந்தது. ஆண்டிறுதிக் கணக்கு முடிப்புக்காக என்னைக் கிளைக்கு அனுப்பினார்கள். இரண்டு ஒப்படைப்புகள் தவறிப்போயின. விலகல் விண்ணப்பத்தை எழுதியே வைத்துவிட்டேன். எங்கள் குழுவில் நைரோபியில் செவிலியர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் இருந்தார். "உன் பகுதியை நான் எழுதித்தர மாட்டேன். நீ எழுதும்வரை இணைப்பிலேயே இருப்பேன்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அவர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் திரையில் அமர்ந்திருந்தார். நான் எழுதி முடித்தேன். தொலைநிலைக் கல்வியில் தொலைவு என்பது மைல் கணக்கில் இல்லை, கற்பவருக்கும் கற்பிப்பவருக்கும் இடையே நிகழும் உரையாடலின் அளவில் இருக்கிறது என்பது மைக்கேல் மூர் என்ற கல்வியாளரின் கோட்பாடு. (அதே பெயருடைய திரைப்பட இயக்குநர் அல்லர், நானும் முதலில் குழம்பினேன்.) அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அக்கோட்பாட்டுக்கு எனக்கு உரை தேவைப்படவில்லை.

இவ்வாறு படிக்க எண்ணும் வாசகர்களுக்கு அதிகாரி என்ற முறையில் சில சொற்கள். இந்தியப் பல்கலைக்கழகமாயின், அந்த நிறுவனத்துக்கும் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கும் இணையவழியில் நடத்த அனுமதி உள்ளதா என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி பெற்ற நிறுவனங்களின் இணையவழிப் பட்டம் நேரடி வகுப்பில் பெறும் பட்டத்துக்கு நிகரானது என்று 2022ஆம் ஆண்டில் அக்குழு தெளிவுபடுத்தியுள்ளது. வெளிநாட்டுப் பட்டத்தை அரசுப் பணிக்கோ ஆசிரியப் பணிக்கோ பயன்படுத்தும் எண்ணமிருந்தால், இணையவழியில் பெற்ற பட்டத்துக்குச் சமத்துவச் சான்று கிடைக்குமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே உறுதி செய்துகொள்வது அவசியம். எனக்குப் பதவி உயர்வு நோக்கம் இல்லாததால் அந்தக் கவலை இருக்கவில்லை. கல்விக் கடன் பெறுவோர், பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தால், செலுத்தும் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை வருமான வரிக் கழிவு பெறலாம்; அசலுக்கு இல்லை. நான் கடன் வாங்கவில்லை. தாளுக்குத் தாள் சேமித்துக் கட்டினேன்.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இறுதித் திட்டப்பணிக்காக அதே சமுதாயக் கூடத்துக்கு மீண்டும் சென்றேன். இம்முறை இரண்டே ஸ்லைடுகள். யுபிஐ செயலியின் திரைகளை அட்டையில் அச்சிட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தோம். இருவர் இருவராக அமர்ந்து ஒருவர் மோசடிக்காரராகப் பேச வேண்டும். மற்றவர் அட்டையில் ரகசிய எண்ணை எழுதாமல் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஆரம்பச் சுற்றில் பாதிக்கும் மேற்பட்டோர் எண்ணை எழுதிவிட்டார்கள். சிரிப்பு அடங்கியபின் எந்தச் சொல்லில் தடுமாறினோம் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். நான் சொல்வதற்கு அதிகம் மிச்சமில்லை. மூன்றாம் சுற்றில் எழுதியவர்கள் இருவர் மட்டுமே. அவர்களுடைய ஒப்புதலைப் பெற்றுக்கொண்டு, இரண்டு வாரத்துக்குள் முன்னறிவிப்பின்றி எங்கள் அலுவலர் ஒருவர் அழைத்துச் சோதிப்பார் என்ற ஏற்பாட்டுடன் முடித்தோம்.

பெரியவரும் வந்திருந்தார். அழைப்பதற்கு முதலில் எனக்குத் தயக்கம். அவரே தொலைபேசியில் கேட்டு வந்தார். மோசடிக்காரராகப் பேசும் பொறுப்பைத் தமக்குத் தரும்படி வேண்டினார். நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, தம்மிடம் அவன் பேசிய அதே ராணுவ மிடுக்கில், அதே பணிவில், மூச்சு விட இடம் கொடாமல் பேசத் தொடங்கினார். அவருக்கு எதிரே அமர்ந்தவர், கூட்டத்துக்கு உதவியாக வந்திருந்த எங்கள் கிளையின் இளம் அதிகாரி. பணியில் சேர்ந்து எட்டு மாதம் ஆனவர். மின்னணு மோசடி பற்றிய துறைத்தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவர். மூன்றாவது நிமிடத்தில் அவர் அட்டையில் நான்கு இலக்கங்களையும் எழுதி முடித்திருந்தார்.