கும்மி மெட்டும் எக்காளமும்

திருவிழா நாட்களில் சப்பரத்துக்கு முன்னே நடந்து செல்லும் பாண்டு வாத்தியக்காரர்களை நம் பங்கு மக்கள் அனைவரும் அறிவர். அவர்கள் கையிலுள்ள டிரம்பெட்டை ஒருவன் முதன்முதலாக வாயில் வைத்து ஊதும்போது என்ன ஓசை எழும் என்பதை அறிந்தவர் சிலரே. கன்றைத் தேடும் பசுவின் குரலுக்கும் அதற்கும் வேற்றுமை அதிகமில்லை. சென்ற ஆண்டு பாஸ்கா முடிந்த கையோடு பங்குமனைத் திண்ணையில் அவ்வோசை எழுந்தபோது, அடுத்த தெருவார் இருவர் நம்மிடம் வந்து முறையிட்டனர்.

ஊதியவன் பதின்மூன்று வயதுச் சிறுவன். நமது பீடத்தில் பூசை உதவி செய்பவன். கருவி காலஞ்சென்ற அவன் தாத்தாவுடையது. பல்லாண்டுகள் பரணில் கிடந்தது. சப்பரத்தின் பின்னே பெண்கள் மாதாவுக்குப் பாடி அடிக்கும் கும்மியின் மெட்டைத் தாத்தா அதில் வாசிப்பாராம். முன்னின்று பாடியவர் பாட்டி. அவரோ இப்போது படுத்த படுக்கையாகிவிட்டார். அவர் காது கேட்கும்போதே அந்த மெட்டை வாசித்துக் காட்டவேண்டும் என்பதே பையனின் ஆசை.

குருமடத்தில் ஆர்மோனியம் பயின்ற துணிவில் நாம் ஆசிரியரானோம். எண்ணிக்கை நூலின் பத்தாம் அதிகாரத்தில் வரும் இரு வெள்ளி எக்காளங்களைத் தவிர வேறு எக்காளம் எதனுடனும் நமக்குப் பழக்கமில்லை என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு சுர வரிசைகளை ஊதச் சொன்னோம். இரு வாரங்கள் வீணாயின. கன்னத்தை உப்பவைத்து, கருவியை உதட்டில் அழுத்தி, மூச்சு முழுவதையும் கொட்டினான். உதடு தடித்ததே மிச்சம்.

பின்னர் முறையை மாற்றினோம். “முதலில் பாடு” என்றோம். பாட்டி பாடக் கேட்டு வளர்ந்தவனாதலால் பிசகின்றிப் பாடினான். மெட்டு முழுவதும் ச முதல் ப வரையுள்ள ஐந்து சுரங்களுக்குள் அடங்கிவிட்டது. தொடக்கக்காரனின் உதட்டுக்கு எட்டும் எல்லையும் ஏறக்குறைய அதுவே. பொத்தான் எதையும் அழுத்தாமல் ஊதினால் ச; உதட்டை இறுக்கினால் அதே குழாயில் ப. முதற் பொத்தானுக்கு ம; முதலும் நடுவும் சேர்ந்தால் க; முதலும் மூன்றாவதும் சேர்ந்தால் ரி. 1818இல் ஸ்டோல்செல், புளூமெல் என்னும் ஜெர்மானியர் இருவர் வால்வுக்குக் காப்புரிமை பெறும் முன்னர், சாதாரண எக்காளத்தில் இந்த எளிய மெட்டைக்கூட இந்த இடத்தில் வாசித்திருக்க முடியாது. பத்து நிமிடம் ஊதினால் பத்து நிமிடம் ஓய்வு என்று விதித்தோம். ஓய்வு நேரத்தில் பாடவேண்டும்.

“கும்மியெல்லாம் கோவிலுக்கு ஆகுமா, சாமி?” என்று பெரியவர் ஒருவர் கேட்டார். காரணமில்லாத கேள்வியன்று. 1903இல் பத்தாம் பத்திநாதர் ஆலயத்தினுள் பாண்டு வாத்தியத்தைத் தடுத்து, பவனிகளில் மட்டும் ஆயரின் அனுமதியோடு, உலகப் பாட்டு கலவாமல் வாசிக்க இடமளித்தார். ஆனால் 1963இல் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, மறைபரப்பு நாட்டு மக்களின் சொந்த இசைக்கு உரிய மதிப்பளிக்கச் சொல்லுகிறது. களத்துமேட்டில் பிறந்த மெட்டுக்கும் மாதாவின் சப்பரத்தோடு செல்ல உரிமையுண்டு என்பதே நம் எண்ணம்.

நான்காம் வாரம் நற்கருணை கொண்டு சென்றபோது பாட்டி நம்மை அருகே அழைத்தார். வீட்டிலும் பையன் ஊதிப் பழகியதைக் கேட்டிருக்கிறார். “சாமி, கீழ எறங்குற எடத்துல கொஞ்சம் தூக்குது. அவரு வாசிச்சா தூக்காது” என்றார். நமக்கு அப்படி எதுவும் தோன்றியிருக்கவில்லை. பங்குமனைக்கு வந்து ஆர்மோனியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ரி உண்மையாகவே ஏறி ஒலித்தது! முதலும் மூன்றாவதும் சேரும்போது சுரம் சற்று ஏறுவது அக்கருவியின் இயல்பாம். மூன்றாம் வால்வின் நீள்குழாயை விரலால் வெளியே தள்ளி அதனைச் சரிசெய்யவேண்டும். தாத்தாவின் கருவியிலோ அக்குழாய் பச்சைக் களிம்பேறி இறுகிக் கிடந்தது. சைக்கிள் கடைக்காரர் மண்ணெண்ணெய் விட்டு, இரண்டு நாள் பொறுத்து, மெல்ல அசைத்துக் கழற்றிக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

மே மாதத்தின் கடைசி நாள் மாலை, பாட்டியின் கட்டிலருகே நின்று பையன் வாசித்தான். இரண்டாம் அடியில் மூச்சு போதாமல் நின்று, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான். ரி இறங்கவேண்டிய இடத்தில் இறங்கிற்று. பாட்டி கண்களை மூடியிருந்தார். உறங்கிவிட்டாரோ என்று நினைத்தோம். போர்வையின்மேல் அவருடைய கைகள் இரண்டும் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து, கும்மியின் தாளத்தை ஓசையின்றித் தட்டிக்கொண்டிருந்தன.