கச்சேரியில் பதிந்த ஒலி ஏன் கரகரக்கிறது?

மொபைல் போனில் பதிவு செய்த கச்சேரியை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டால், சில நேரம் பாட்டுக்குப் பதில் கரகர சத்தம்தான் வருகிறது. உடனே ஸ்பீக்கர் போய்விட்டதோ, சவுண்ட் கார்டில் கோளாறோ என்று கவலைப்பட வேண்டாம். காரணம் அநேகமாக அந்த பைலிலேயே இருக்கும். அதனைக் கண்ணாலேயே பார்க்கவும் முடியும்.

2011 அக்டோபர் 30 அன்று பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில், அமெரிக்காவின் புகழ்பெற்ற ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிகா இந்தியாவில் முதன்முறையாக வாசித்தது. ஏரியூரிலிருந்து நானும் என் நண்பரும் பென்னாகரம், தர்மபுரி, ஓசூர் என்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். லார்ஸ் உல்ரிச் டிரம்மை அடித்தபோது, சத்தம் காதுக்கு மட்டுமல்ல, நெஞ்சுக்குள்ளும் இறங்கியது. நண்பர் கையை உயர்த்தி போனில் பதிவு செய்துகொண்டே இருந்தார். சில நாள் கழித்து மெமரி கார்டுடன் வீட்டிற்கு வந்து, "இதை ஒரு சிடியா போட்டுக் குடுப்பா" என்றார். கேட்டால் டிரம்மும் இல்லை, கிதாரும் இல்லை; எல்லாம் ஒரே இரைச்சல்.

தலைதட்டிய படி

ராகியைப் படியில் கோபுரமாகக் குவித்து, பின் தலைதட்டி அளப்பார்கள் அல்லவா? மேலே நின்ற கோபுரம் கீழே விழுந்துவிடும். ஒலிப்பதிவிலும் இதுவே நடக்கிறது. சிடி தரத்தில் ஒலியை ஒரு விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் மைனஸ் 32,768 முதல் 32,767 வரையிலான ஓர் எண்ணாகக் கம்ப்யூட்டர் எழுதிக்கொள்கிறது. ஒலி அதற்கு மேல் போனாலும் 32,767 என்றே எழுதும். அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். இதற்கு கிளிப்பிங் என்று பெயர்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஹெவி மெட்டல் கிதாரின் உறுமலே, ஆம்ப்ளிபயரில் அலையை வேண்டுமென்றே இப்படி வெட்டுவதால் கிடைப்பதுதான். கலைஞர் அளவோடு வெட்டினால் அது இசை. போன் எல்லாவற்றையும் சேர்த்து வெட்டினால் அது இரைச்சல்.

கண்ணால் பார்க்க

ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராமை அதன் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும். முதலில் பைலை ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, அந்தக் காப்பியில் மட்டும் வேலை செய்யவும். பைல் மெனுவில் இம்போர்ட் சென்று அதனைத் திறந்தால் ஒலி அலை வடிவில் தெரியும். போனில் பதிந்த சில வகை பைல்கள் திறக்க எப்எப்எம்பெக் என்ற துணை பைலும் தேவைப்படும். வியூ மெனுவில் கிளிப்பிங்கைக் காட்டும் பிரிவைத் தேர்ந்தெடுத்தால், வெட்டுப்பட்ட இடங்களில் சிவப்புக் கோடுகள் தோன்றும்.

எபெக்ட் மெனுவில் உள்ள கிளிப் பிக்ஸ், வெட்டுப்பட்ட உச்சி எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து வரையும். லேசான சேதம் என்றால் பலன் தெரியும். நண்பரின் பைலில் பாடல்கள் தேறவில்லை. ஆனால் இரு பாடல்களுக்கு நடுவே கூட்டத்தின் ஆரவாரமும், நாங்கள் இருவரும் கத்திப் பேசிக்கொண்டதும் தெளிவாக இருந்தன. அவற்றை மட்டும் வெட்டியெடுத்து சிடியில் பதிந்து கொடுத்தேன். நண்பருக்கு அதிலேயே திருப்தி.

ஸ்டுடியோவிலும் இது நடப்பதுண்டு. 2008ல் வந்த மெட்டாலிகாவின் டெத் மேக்னடிக் ஆல்பத்தில் ஒலி அளவுக்கு மீறி ஏற்றப்பட்டிருப்பதாக ரசிகர்களே குறை கூறினர். அதே பாடல்கள் கிதார் ஹீரோ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் தெளிவாக இருந்ததை ஒப்பிட்டுக் காட்டினர்.

அடுத்த முறை கவனிக்க

* பதிவு செய்ய அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளவும்.
* ஸ்பீக்கர் அடுக்கின் அருகே நிற்காமல், ஒலியைக் கட்டுப்படுத்தும் மேஜைக்குப் பக்கத்தில் நிற்கவும்.
* பதிவு அளவைக் குறைக்கும் வசதி உள்ள புரோகிராமைப் பயன்படுத்தவும். மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி இருக்கட்டும்.
* 10 விநாடி பதிந்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்த பின் தொடரவும். மைக்கே திணறினால், அளவைக் குறைத்தும் பயனில்லை. இடம் மாறுவதே வழி.

காதுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு வகுத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அதற்கு கிளிப் பிக்ஸும் கிடையாது. எனவே கச்சேரிக்குக் கிளம்பும்போது போனுக்குச் சார்ஜர் எடுத்து வைப்பதுடன், மருந்துக் கடையில் கிடைக்கும் காதடைப்பான் ஒரு ஜோடியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நண்பருக்கும் சேர்த்து வாங்குங்கள்.