முதல் பதினான்கு பக்கங்கள்

காசாவின் சுகாதார அமைச்சகம் 2024 செப்டம்பரில் ஒரு பட்டியலை வெளியிட்டது. 649 பக்கங்கள். இஸ்ரேலுடனான போரில் அதுவரை கொல்லப்பட்டவர்களில் அடையாளம் உறுதியான 34,344 பேரின் விவரங்கள் அதில் இருந்தன. வயதின் ஏறுவரிசையில் அடுக்கியிருந்ததால், முதல் பதினான்கு பக்கங்களில் வயதுக்கான கட்டத்தில் ஒரே எண்தான்: 0. முதல் பிறந்தநாளைக் காணாத 710 குழந்தைகள். பட்டியலின் கடைசியில் இருப்பவருக்கு வயது 101. 1948 நக்பாவில் ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் ஊரையும் வீட்டையும் விட்டுத் துரத்தப்பட்டபோது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர்.

இரவுகளில் கொஞ்சம் கொஞ்சமாக அதைப் படிக்கிறேன். வேகமாகப் படிக்க முடியவில்லை. அங்கே ஒருவர் பெயரோடு தகப்பன் பெயர், தாத்தா பெயர், குடும்பப் பெயர் என வரிசையாகச் சேர்ந்து வரும். ஒரே வரியில் மூன்று தலைமுறை. கைக்குழந்தையின் பெயரில் இரண்டாவதாக நிற்கும் தகப்பன் பெயரை மனதில் வைத்துக்கொண்டு மேலும் புரட்டினால், சில நூறு பக்கம் தள்ளி அதே குடும்பப் பெயரோடு அது முதல் பெயராக வந்து நிற்கக்கூடும். அதற்குப் பயந்தே பல நாள் மூடி வைத்திருக்கிறேன். இபுராகிம், யூசுப், மரியம், பாத்திமா. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் சாயங்காலம் வாசலில் நின்று பிள்ளைகளைக் கூப்பிடும் பெயர்கள்.

இப்படி ஒரு பட்டியல் ஏன் தேவைப்பட்டது? 2023 அக்டோபர் 25 அன்று அமெரிக்க அதிபர் பைடன், பாலஸ்தீனர்கள் சொல்லும் சாவு எண்ணிக்கையில் தமக்கு நம்பிக்கை இல்லை என்றார். மறுநாளே ஆறாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பெயர்களை அடையாள எண்களோடு காசா வெளியிட்டது. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவர்கள், அந்தப் பிள்ளை செத்தது உண்மைதான் என்று தூரத்தில் இருப்பவர்களுக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்தக் கொடுமையின் கனம் நமக்குத் தெரியும். முள்ளிவாய்க்காலில் முடிந்த இலங்கைப் போரின் கடைசிக் கட்டத்தில் மாண்ட பொதுமக்கள் நாற்பதாயிரம் வரை இருக்கக்கூடும் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் சொன்னது. இத்தனை ஆண்டுகளாகியும் நம் கையில் இருப்பது அப்படியொரு உத்தேச எண்தான். ஒவ்வொருவர் பெயரையும் எழுதிய முழுப் பட்டியல் இல்லை.

காசாவின் பட்டியல் போராளியையும் பொதுமக்களையும் பிரித்துக் காட்டுவதில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பதினான்கு பக்கங்களில் பிரிப்பதற்கு யாரும் இல்லை. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தலைமையிலான தாக்குதலில் கொல்லப்பட்ட சுமார் 1,200 பேருக்கும் பெயர்கள் உண்டு. அவையும் அச்சில் வந்திருக்கின்றன, அவற்றையும் படிக்க வேண்டும். ஒரு பட்டியலைக் காட்டி இன்னொன்றை மூடச் சொல்பவர் எந்தப் பக்கத்தில் நின்றாலும் என்னால் அவரோடு உடன்பட முடியவில்லை.

2024 மே மாதம் இஸ்ரேலியத் தாக்குதலில் ரஃபாவின் கூடார முகாம் தீப்பிடித்துப் பலர் கருகிய பிறகு, 'எல்லாக் கண்களும் ரஃபாவின் மீது' என்ற படத்தை இன்ஸ்டாகிராமில் நாலு கோடிப் பேருக்கு மேல் பகிர்ந்தார்கள். நானும் பகிர்ந்தேன். செயற்கை நுண்ணறிவு வரைந்த படம் அது. வரிசை வரிசையாகக் கூடாரங்கள் இருந்தன, ஒரு முகம்கூட இல்லை. பகிர்ந்தவர்களின் துக்கம் பொய்யில்லை. ஆனால் அது உறுத்தாத படம் என்பதால்தான் அவ்வளவு எளிதாகக் கைமாறியது என்று இப்போது தோன்றுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் டேர் அல்-பலாவில் பிறந்து நாலு நாளே ஆன இரட்டைக் குழந்தைகள் தாயோடு கொல்லப்பட்டார்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை வாங்கத் தகப்பன் வெளியே போயிருந்த நேரம். சான்றிதழ்கள் அவர் கையில் இருந்தன. இதை யாருக்கும் அனுப்ப எனக்குக் கை வரவில்லை. மறக்கவும் முடியவில்லை.

தூரத்தில் இருப்பவனால் என்ன செய்ய முடியும் என்ற கேள்வியை நான் பல நாள் சாக்காகவே வைத்திருந்தேன். ஐ.நா. பொதுச்சபையில் நம் பெயரால் ஒரு வாக்கு விழுகிறது. பாலஸ்தீனத்தை 1988இலேயே அங்கீகரித்த நாடு இந்தியா. 2023 அக்டோபர் 27 அன்று சண்டையை நிறுத்தக் கோரிய தீர்மானத்தில் அது வாக்களிக்காமல் ஒதுங்கியது. டிசம்பர் 12 அன்று ஆதரித்தது. 2025 ஜூன் 12 அன்று, பட்டினியை ஆயுதமாக்குவதைக் கண்டித்துப் போர்நிறுத்தம் கோரிய தீர்மானத்தை 149 நாடுகள் ஆதரித்தபோது, மறுபடியும் ஒதுங்கியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் காசா நகரத்தில் பஞ்சம் என்று ஐ.நா. ஆதரவு பெற்ற ஆய்வு அமைப்பு அறிவித்தது. ஏன் ஒதுங்கினோம் என்று என் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதுவேன்.

நான் படிப்பது பழைய பட்டியல். 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் வந்தபோது சாவு எண்ணிக்கை 67,000ஐத் தாண்டியிருந்தது. இடிபாடுகளுக்கு அடியில் கிடப்பவர்கள் அதில் சேரவில்லை. புதிய பட்டியலுக்கு மாறலாம்தான், ஆனால் தொடங்கியதை முடித்துவிட்டுத்தான் மாறுவதாக இருக்கிறேன். நேற்று இரவு பதினைந்தாம் பக்கத்தைத் திறந்தேன். ஒரு வயதுப் பிள்ளைகள்.