நானூறு கிராம்: பெருந்துப்பாக்கிகள் வளர்ந்த கதை

நானூறு கிராம் என்பது பெரிய நிறையன்று. ஓர் இறாத்தலுக்குச் சற்றே குறைவு. சந்தையிலே சீனியும் பருப்பும் நிறுத்து வாங்குவோரின் கைக்கு நன்கு பழகிய சுமை அது. ஆயினும், மனிதனைக் கொல்வதற்கும் ஓர் எல்லை வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஐரோப்பிய அரசுகள் கூடி எண்ணியபோது, அவ்வெல்லையை அவர்கள் குறித்தது இந்த நானூறு கிராமினாலேயே. பெருந்துப்பாக்கிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் குழலின் நீளத்தையும், நிமிடத்துக்கு எத்தனை வேட்டு என்பதையுமே கணக்கிடுவர். எனக்கோ அவ்வரலாறு இந்த ஒரு நிறையைச் சுற்றியே சுழல்வதாகத் தோன்றுகின்றது.

1863ஆம் ஆண்டிலே ருஷ்யப் படைக்கெனப் புதுவகைச் சன்னம் ஒன்று ஆக்கப்பட்டது. கடினமான பொருளிலே மோதினால் அது வெடிக்கும். பகைவரின் வெடிமருந்து வண்டிகளைத் தகர்ப்பதே அதன் நோக்கம். நான்கு ஆண்டுகளின் பின்னர் அது திருத்தப்பட்டு, மென்மையான பொருளிலே பட்டாலும் வெடிக்கும் தன்மையைப் பெற்றது. போர்க்களத்திலே மென்மையான பொருள் எதுவென்று விளக்க வேண்டியதில்லை. அதனை ஆக்கிய அரசே அதனைக் கண்டு அஞ்சிற்று. தானும் வழங்க விரும்பாது, பிறர் வழங்கவும் மனமொவ்வாது, இரண்டாம் அலெக்சாந்தர் மன்னரின் அரசு ஏனைய நாடுகளை அழைத்தது. 1868ஆம் ஆண்டின் இறுதியிலே சென் பீற்றர்ஸ்பேர்க் பிரகடனம் பிறந்தது. பகைப்படையை வலுவிழக்கச் செய்வதொன்றே போரின் முறையான நோக்கம். வீரன் ஒருவனைப் போரிட இயலாதவனாக்கினாற் போதும். அதற்கு மேலும் அவன் வேதனையைப் பெருக்கும் ஆயுதம் மனிதத் தன்மைக்கு மாறானது. இதுவே அப்பிரகடனத்தின் சாரம். ஆகவே, 400 கிராமுக்குக் குறைந்த நிறையுடைய வெடிக்கும் சன்னங்களும் எரிக்கும் சன்னங்களும் விலக்கப்பட்டன.

வெடிக்கும் பீரங்கிக் குண்டை விலக்க எந்த அரசும் இணங்கியிராது. சாதாரணத் துப்பாக்கிச் சன்னமோ சில பத்துக் கிராம் நிறையே உடையது. இரண்டுக்கும் நடுவே கிடந்த வெற்றிடத்திலே ஒரு கோட்டைக் கீறினார்கள். அந்த வெற்றிடம் வெற்றிடமாகவே இருந்துவிடும் என்று அவர்கள் நம்பினார்கள் போலும்.

அதனை நிரப்பும் வேலை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. அமெரிக்கரான றிச்சார்ட் கற்லிங் 1862இலே, பல குழல்களைக் கைப்பிடியாற் சுழற்றிச் சுடும் துப்பாக்கிக்கு உரிமை பெற்றிருந்தார். வைத்தியக் கல்வி கற்றும் வைத்தியம் பாராத இந்த மனிதர், நூறு பேரின் வேலையை ஒருவனே செய்யக்கூடிய பொறி வந்துவிட்டால் பெரும் படைகள் வேண்டியிரா, நோயினாலும் போரினாலும் மடிவோர் தொகையும் குறையும் என்று எண்ணியதாகப் பின்னர் எழுதினார். அவர் எண்ணம் எவ்வாறாயிற்று என்பதை நாம் அறிவோம்.

அவரைத் தொடர்ந்து, பிரான்சிலே தொழில் நடத்திய மற்றோர் அமெரிக்கரான ஹொட்ச்கிஸ், சுழலும் குழல்களைக் கொண்ட சிறு பீரங்கி ஒன்றைச் செய்தார். அதன் உள்விட்டம் 37 மில்லிமீற்றர். ஏன் முப்பத்தேழு? 400 கிராம் என்ற வரம்பைச் சற்றே தாண்டி வெடிமருந்தையும் கொள்ளக்கூடிய மிகச் சிறிய குண்டுக்கு ஏறத்தாழ அந்த விட்டம் தேவைப்பட்டது. குண்டு ஓர் இறாத்தல் நிறை கொண்டது. துன்பத்தைக் குறைக்கவென்று வகுத்த சட்டம், ஒரு புதிய ஆயுதத்துக்கு அளவெடுத்துக் கொடுத்த தையற்காரனாயிற்று! கடற்படைகள் அதனை விரும்பி வாங்கின. சிறிய, விரைந்த டோர்ப்பிடோப் படகுகளை நெருங்கவிடாது தடுக்க அஃது ஏற்றதாயிருந்தது.

அடுத்து வந்தவர் ஹைரம் மாக்சிம். அவரும் அமெரிக்கரே, இலண்டன் ஹற்றன் கார்டனிலே பட்டறை வைத்திருந்தார். துப்பாக்கி சுடும்போது தோளை இடிக்கும் பின்னுதைப்பை எல்லோரும் தொல்லையென்றே கருதினர். மாக்சிமோ அதனை வேலையாளாக்கினார். பின்னுதைப்பு குழலையும் அடைப்பையும் சிறிது தூரம் பின்தள்ளும். அவ்வசைவே வெற்றுக் கூட்டை வெளியே எறியும், வில்லைச் சுருட்டும், அடுத்த ரவையைப் பட்டியிலிருந்து இழுத்துக் குழலிலே ஏற்றும், மீண்டும் சுடும். விசையை அழுத்திக்கொண்டிருப்பதே மனிதனுக்கு எஞ்சிய வேலை. நிமிடத்துக்கு ஏறத்தாழ அறுநூறு வேட்டு. குழல் கொதிக்காதிருக்க அதனைச் சுற்றி நீர் நிறைந்த உறை.

பிரகடனம் ஒரு சன்னத்தின் கொடுமையை அளந்ததேயன்றி, எத்தனை சன்னங்கள் என்பதை அளக்கவில்லை. 1898ஆம் ஆண்டு செப்ரெம்பர் 2ஆம் நாள், சூடானிலே ஒம்டுர்மான் வெளியில், காலையிலிருந்து நண்பகலுக்குள் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மஃதிப் படையினர் மாண்டனர். பீரங்கிகளும் துப்பாக்கிகளும் மாக்சிம் பொறிகளும் சேர்ந்து செய்த வேலை அது. எதிர்த்தரப்பில் இறந்தோர் ஐம்பதுக்கும் குறைவு. சட்டப்படி அங்கே ஒரு குற்றமுமில்லை.

மாக்சிம் தமது பொறியை ஹொட்ச்கிஸின் 37 மில்லிமீற்றர் அளவுக்குப் பெருப்பித்தும் செய்தார். வெடிக்கும் ஓசையைக் கொண்டே அதற்குப் ‘பொம்-பொம்’ என்று பெயர் வந்தது. தென்னாபிரிக்கப் போரிலே போவர்கள் அதனைப் பிரித்தானியர் மீதே திருப்பினர். தம் நாட்டுப் பட்டறையிலே பிறந்த பொறியின் ஓசையைப் பகைவரிடமிருந்து கேட்ட பின்னரே பிரித்தானியத் தரைப்படை தானும் அதனை வரவழைத்தது. அப்போரிலே பிடிபட்ட போவர்களில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் 1900ஆம் ஆண்டு முதல் நமது தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டனர் என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

கோடு வெளிப்படையாகத் தாண்டப்பட்டது வானத்திலேதான். முதலாம் உலகப் போரில் இலண்டன்மீது குண்டு வீசிய ஜேர்மன் ஆகாயக் கப்பல்களைச் சாதாரணச் சன்னங்கள் துளைத்தனவே தவிர, வீழ்த்தவில்லை. ஐதரசன் வாயுவுக்குத் தீ வேண்டும். 1916ஆம் ஆண்டு செப்ரெம்பர் 3ஆம் நாள் அதிகாலை, விமானி லீஃப் றொபின்சன் வெடிக்கும் சன்னங்களும் எரிக்கும் சன்னங்களும் கலந்து சுட்டு, அத்தகைய கப்பல் ஒன்றை எரித்து வீழ்த்தினார். அச்சன்னம் ஒவ்வொன்றும் பதினைந்து கிராமுக்கும் குறைவு. 1923இலே வரையப்பட்ட விமானப் போர் விதிகள், விமானத்துக்கு எதிராக இவற்றை வழங்கத் தடையில்லை என்றன. அவ்விதிகள் உடன்படிக்கையாக நிறைவேறவில்லை, வழக்கம் நிறைவேறிவிட்டது. இரண்டாம் உலகப் போரிலே 20 மில்லிமீற்றர் விமானப் பீரங்கிகள் நூற்றுச்சொச்சம் கிராம் நிறையுள்ள வெடிகுண்டுகளைப் பொழிந்தபோது, எவரும் 1868ஐ எடுத்துக்காட்டவில்லை.

இதற்கிடையே தரையிலும் சன்னம் பருத்தது. இரும்புக் கவசம் பூண்ட விமானங்களும் தாங்கிகளும் தோன்றவே, சிறு சன்னம் பயனற்றதாயிற்று. 1917இலே அமெரிக்கத் தளபதி பேர்ஷிங் பெருவிட்டத் துப்பாக்கி வேண்டுமென்று கேட்டார். ஜோன் பிறவுணிங் தமது முந்திய துப்பாக்கியையே அரை அங்குல விட்டத்துக்குப் பெருப்பித்தார். முதற் சோதனை 1918 ஒக்ரோபரில் நடந்தது. அடுத்த மாதமே போர் ஓய்ந்தது. பிறவுணிங் 1926இலே பெல்ஜியத்தின் லியேஜ் நகரில், தொழிற்சாலையில் இருந்தபோதே இறந்தார். பின்னர் சாமுவேல் கிறீன் என்பவர், எந்தப் பக்கத்திலிருந்தும் ரவைப் பட்டியை ஊட்டலாம் என்னும்படி அதனைத் திருத்தினார். 1933இலே வெளிவந்த அந்த ‘எம் 2’ இன்றும் பல நாட்டுப் படைகளில் வழங்குகின்றது. துப்பாக்கி மட்டும் 38 கிலோகிராம். சன்னம் ஏறத்தாழ 45 கிராம். சாதாரண இராணுவத் துப்பாக்கிச் சன்னத்தைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு வலுவுடையது. ஆறு கிலோமீற்றருக்கு அப்பாலும் சென்று விழக்கூடியது. ருஷ்யர் 12.7 மில்லிமீற்றரோடு நில்லாது 14.5க்கும் சென்றனர்.

இத்தகைய பெருஞ்சன்னத்தை மனிதர்மீது சுடுவதே சட்டவிரோதம் என்றொரு நம்பிக்கை படைவீரரிடையே நெடுங்காலம் வழங்கி வந்தது. அவ்வாறு எந்தச் சட்டமும் இல்லை. ஆயினும் அந்தப் பிழையான நம்பிக்கை எனக்குப் பிடித்தமானது. சட்டம் மறந்த ஒன்றைச் சாதாரண வீரனின் மனம் நினைத்துக்கொண்டிருந்தது போலும்.

பின்னர், நோர்வேயின் றவுபொஸ் ஆலை இதே அரை அங்குல விட்டத்திலே கவசத்தைத் துளைத்து, எரித்து, வெடிக்கவும் செய்யும் சன்னத்தை ஆக்கியது. வாகனங்களுக்கும் விமானங்களுக்கும் எதிரானது அது என்றும், கடினமான பொருளிலே பட்டாலன்றி வெடியாது என்றும் அதனை ஆதரிப்போர் கூறினர். 1990களின் இறுதியிலே செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு அதனை ஆராய்ந்து, மனிதத் தசையை ஒத்த பொருளிலும் அது வெடிக்கக்கூடும் என்று கவலை தெரிவித்தது. மறுதரப்பினர் அம்முடிவை ஏற்கவில்லை. 2005இலே அக்குழு வெளியிட்ட வழக்காற்றுச் சட்ட ஆய்விலே நிறை பற்றிய பேச்சே இல்லை. மனித உடலுக்குள் வெடிக்கும் சன்னத்தை மனிதருக்கு எதிராக வழங்கலாகாது என்று மட்டுமே அவ்விதி கூறுகின்றது. 1867இலே ருஷ்ய அரசு அஞ்சியதும் அதே சன்னத்துக்குத்தான்.