விரும்புதலும் முயலுதலும்

முயலாத மாணாக்கனை ‘மடியன்’ என்னும் ஒரு சொல்லால் முடித்துவிடுதல் ஆசிரியருலகின் பழவழக்கு. வள்ளுவரோ ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். மூன்றும் ஒரு பொருளனவாயின் ஒன்றே அமையும். விரும்புதல் வேறு, விரும்பியதன்பொருட்டு உடலை வருத்துதல் வேறு என்பதற்கு இக்கால உளநூலார் காட்டும் சான்றொன்று யான் கற்றவற்றுள் மிகத் தெளிவானது. அச்சான்று தருவது எலி.

அமெரிக்காவின் கனெற்றிக்கட் பல்கலைக்கழகத்தில் யோன் சலமோனும் அவர்தம் குழுவினரும் 1994, 1996 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளை ஈண்டுக் கருதுகின்றேன். ஒரு நடைபாதை, அதன் முடிவில் இடமும் வலமுமாக இரு கிளைகள். ஒரு கிளையில் உணவு மிகுதி. ஆயின் அதனை அடைய 44 சென்ரிமீற்றர் உயரமுள்ள தடுப்பொன்றை ஏறிக் கடத்தல் வேண்டும். மற்றைக் கிளையில் உணவு குறைவு, தடுப்பு இல்லை. நலமுள்ள எலி தடுப்பேறிச் சென்று மிகுதியை உண்ணும். மூளையில் அக்கும்பென்சு என்னும் பகுதியில் டோபமீன் என்னும் பொருளைக் குறைத்தவுடன், அதே எலி தடுப்பில்லாப் பக்கம் திரும்பிச் சிறிதளவோடு அமைந்தது.

பசி கெட்டதோ எனின், அன்று. தடுப்பை அகற்றியவிடத்து மிகுதியையே அது நாடிற்று. ஏறும் வலி இழந்ததோ எனின், அதுவும் அன்று; மற்றைக் கிளையை வெறுமையாக்கியபோது அத்தடுப்பையே ஏறி உண்டது. விருப்பும் உளது, வலியும் உளது. இரண்டையும் சீர்தூக்கும் துலாக்கோலில் முயற்சியின் தட்டே கனத்துவிட்டது. இந்நுட்பமே என்னை வியப்பித்தது.

எலிக்கு மனச்சோர்வு நோய் உண்டென்று யான் கூறேன். ஆயினும், மாந்தரிடத்தும் இதனையொத்தது காணப்பட்டது. மைக்கேல் திரெட்வே என்பாரும் உடனாய்ந்தாரும் பொத்தானை விரைந்து பலமுறை அழுத்தும் கடும்பணிக்கு மிகுபணமும், எளிய பணிக்குச் சிறுபணமும் வைத்தனர். மனச்சோர்வுற்றோர் கடும்பணியைக் குறைவாகவே தெரிந்தனர் என 2012இல் அவர்கள் எழுதினர்.

மருந்தின் செய்தி இன்னும் கூர்மையானது. ரெற்றாபெனசீன் என்பது கண்டிங்டன் நோயாளரின் தன்வயமில்லா அசைவுகளை அடக்க வழங்கப்படுவது. உண்போருட் சிலர்க்கு அது மனச்சோர்வைத் தரும். அதனை உட்கொண்ட எலிகளும் எளிய உணவின் பக்கமே சாய்ந்தன. மனச்சோர்வுக்குப் பெரிதும் வழங்கும் புளுவொக்சற்றீன் அவற்றை மீட்கவில்லை. டோபமீனைப் பெருக்கும் புப்புரோப்பியோன் மீட்டது. அழுகை நின்றபின்னும் எழுந்து நூலைத் திறவாத ஒருவனை, ‘நோய்தான் தீர்ந்ததே, இனி என்ன?’ என்று கடியும் பெற்றோரை யான் பல்லாண்டு கண்டிருக்கின்றேன். அவன் துயர் நீங்கியிருத்தல் கூடும். தடுப்பு நீங்கிற்றென்று யார் கண்டார்?